பீரோ சாவி எங்கே இருக்கிறதென்று எத்தனை பேருக்குத் தெரியும்?

போன இதழில் ஒரு வாசகர், பூட்டிக் கிடந்த ஒரு வீட்டில் நகையோடு லைசன்ஸ் துப்பாக்கியும் திருட்டுப் போனதைச் சொல்லி, 'பறிகொடுத்தவரையே போலீஸ் துருவித் துருவிக் கேட்கிறதே, இது நியாயமா?' என்று கேட்டிருந்தார். நியாயம்தான் என்று நாலு வரியில் பதில் எழுதினேன். நாலு வரி போதவில்லை போலிருக்கிறது. வந்த கடிதங்களில் பாதி திட்டு, மீதியில் பாதி சந்தேகம். அதனால் இந்த முறை பகுதி முழுக்க துப்பாக்கிதான், நம் குமரி மாவட்டத்து மேற்குப் பக்கத்து ஆட்கள் சொல்வதுபோல் 'தோக்கு'தான். பல வருஷம் போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதுகிற ரைட்டராக உட்கார்ந்து எழுதித் தள்ளிய கை இது. கொஞ்சம் நீட்டி முழக்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருடன் பூட்டை உடைத்து வந்தால் அது திருடன் குற்றம். என் பைக்கைத் திருடிக்கொண்டு போய் எவனோ ஒருவன் ஆளை இடித்தால் என்னைப் பிடித்து உள்ளே வைப்பீர்களா? துப்பாக்கிக்கு மட்டும் என்ன தனி நியாயம்?
(ரப்பர் தோட்டக்காரர், குலசேகரம்)

பைக் வாங்கக் காசு இருந்தால் போதும் அண்ணாச்சி. துப்பாக்கி அப்படியா வந்தது? நாகர்கோவில் கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்து, ஸ்டேஷனில் விசாரித்து, 'இவரை நம்பிக் கொடுக்கலாம்' என்று நாலு பேர் கையெழுத்துப் போட்ட பிறகுதானே வந்தது? பத்திரமாக வைத்துக்கொள்வேன் என்று நீங்களும் எழுதிக் கொடுத்திருப்பீர்கள். 2016 ஆயுத விதிகளில் அந்த உறுதிமொழி இருக்கிறது. விண்ணப்பக் கட்டோடு கட்டாக அதிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு நாம் மறந்துவிடுகிறோம், அரசாங்கம் ஃபைலில் வைத்திருக்கிறது. அதனால் 'நீ ஏன் திருடன் ஆனாய்' என்று உங்களை யாரும் கேட்கவில்லை. 'சொன்னபடி வைத்திருந்தீர்களா' என்றுதான் கேட்கிறார்கள்.

நான் சர்வீஸில் இருந்தபோது இப்படி ஒரு வீட்டுக்குப் போக வேண்டி வந்தது. பழைய ஓட்டு வீடு, மச்சு போட்டது, பின்னால் நாலு ஏக்கர் ரப்பர். இரட்டைக் குழல் துப்பாக்கி, இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டித்தான் இருந்தது என்று வீட்டுக்காரர் அடித்துச் சொன்னார். பீரோவில் ஒரு கீறல் இல்லை. சாவி எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். சாமி படத்துக்குப் பின்னால் ஆணியில் மாட்டுவோம் என்றார். யாருக்குத் தெரியும்? 'வீட்டு ஆட்களுக்கு மட்டும்தான் சார்.' வீட்டு ஆட்கள் யார் யார் என்று எண்ணச் சொன்னேன். ரப்பர் பால் வெட்ட வருகிற ஆளுக்குத் தெரியும், ஏனென்றால் அவருக்குச் சம்பளம் எடுப்பது அந்த பீரோவிலிருந்துதான். பாத்திரம் தேய்க்கிற அக்காவுக்குத் தெரியும், அக்காவைக் கூட்டிப்போக வருகிற அவள் மகனுக்குத் தெரியும், மருமகள் வீட்டுச் சொந்தக்காரர்கள் ரெண்டு பேருக்குத் தெரியும். எண்ணி முடிக்கும்போது ஒன்பது பேர். திருடன் எதையும் உடைக்கவில்லை, சாவியை எடுத்துத் திறந்தான், திரும்பவும் பூட்டி அதே ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருந்தான். மாட்டினதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

இன்னொன்று. அவர் ஸ்டேஷனுக்கு வந்தது துப்பாக்கி காணாமல் போய் மூன்றாம் நாள். நடுவில் என்ன செய்தார்? மானம் போகுமே என்று தானே விசாரித்தார். அப்புறம் எல்லை தாண்டிக் கேரளத்துக்குப் போய் ஒருவரிடம் வெற்றிலையில் மை போட்டுப் பார்த்தார். மையில் தெற்குத் திசை தெரிந்ததாம். தெற்கே கடல்தான் இருக்கிறது என்று நான் சொன்னேன், அவருக்குச் சிரிப்பு வரவில்லை. லைசன்ஸ் நிபந்தனையில் தெளிவாகவே இருக்கிறது, துப்பாக்கியோ தோட்டாவோ தொலைந்தாலும் திருட்டுப் போனாலும் தாமதிக்காமல் பக்கத்து ஸ்டேஷனில் சொல்ல வேண்டும். நிபந்தனையை மீறினால் 1959 ஆயுதச் சட்டம் 30ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தொகை சின்னதுதான். 17ஆம் பிரிவில் லைசன்ஸையே ரத்து செய்யலாம் என்பதுதான் ஆட்களுக்கு உறைக்கிறது. எனக்குப் பெரிதாகப் படுவது அதுவும் இல்லை. அந்த மூன்று நாளில் துப்பாக்கி எத்தனை கை மாறியிருக்கும்? முதல் நாளே சொல்லியிருந்தால் நம்பரை எல்லா ஸ்டேஷனுக்கும், கேரளத்துப் பாறசாலைப் பக்கத்துக்கும் சேர்த்தே சொல்லியிருப்போம்.

சரி, எப்படித்தான் வைப்பது என்று கேட்பீர்கள். உங்களிடம் இருப்பது மடக்குகிற இரட்டைக் குழல் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் சுலபம். குழலுக்கு அடியில் கையால் தாங்குகிறோமே அந்த முன் கட்டை, அதை இழுத்தால் கழன்று வரும். அது கழன்றால் மடக்கி குழலையும் தனியே எடுத்துவிடலாம், பின்கட்டை தனி. மூன்று துண்டு. முன் கட்டை ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் அதிகம் இருக்கும், அதைத் துணியில் சுற்றி வேறு அறையில் வேறு பூட்டுக்குள் வைத்துவிட்டால், பீரோவைத் திறந்தவனுக்குக் கிடைப்பது முழுத் துப்பாக்கி இல்லை. தோட்டா மூன்றாவது இடத்தில். பீரோவின் முதுகுத் தகட்டில் துளை போட்டு உள்ளிருந்து சுவருக்கு போல்ட் அடித்துவிடுங்கள். சாதாரண வீட்டு பீரோவைக் கவிழ்த்துப் போட்டு கடப்பாரையால் நெம்பினால் ரொம்ப நேரம் தாங்காது, நின்றபடி நெம்புவது அவ்வளவு லேசு இல்லை. சாவி உங்கள் அரைஞாணிலோ பர்ஸிலோ இருக்கட்டும், ஆணி வேண்டாம். துப்பாக்கி நம்பரையும் லைசன்ஸ் நம்பரையும் ஒரு தாளில் எழுதி, பீரோவுக்குள் அல்ல, வெளியே வேறு இடத்தில் வையுங்கள். திருட்டுப் போன அன்று லைசன்ஸ் புத்தகமும் அதே பீரோவோடு போயிருந்தால் ரைட்டர் எதை எழுதுவார்?

அப்பா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவருடைய துப்பாக்கி தறவாட்டு வீட்டில் (பூர்வீக வீடு) நெல் பத்தாயத்துக்குள் கிடக்கிறது. அம்மா மட்டும்தான் அங்கே இருக்கிறார். நாங்கள் மூன்று பேரும் வளைகுடாவில். தாத்தா காலத்துச் சொத்து, விற்க மனசில்லை. லீவில் வரும்போது பார்த்துக்கொள்ளலாமா?
(வாசகர், களியல்)

லீவு வரை வேண்டாம் தம்பி. லைசன்ஸ் என்பது ஆளுக்கு, வீட்டுக்கு அல்ல. அப்பாவோடு அது போயிற்று. இப்போது சட்டப்படி பார்த்தால், லைசன்ஸ் இல்லாத ஒரு துப்பாக்கி உங்கள் அம்மாவின் கைவசம் இருக்கிறது. இந்த வயதில் அவரை அந்த இடத்தில் நிறுத்தலாமா?

செய்ய வேண்டியது பயப்படுகிற மாதிரி இல்லை. சொந்தத்தில் பொறுப்பான ஒருவரை அனுப்பி முதலில் ஸ்டேஷனில் வாயால் சொல்லச் சொல்லுங்கள், இறப்புச் சான்றிதழ் நகல், அப்பாவின் லைசன்ஸ் புத்தகத்தோடு. அவர்களே வந்து எடுத்துக்கொள்ளட்டும், அல்லது எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லட்டும். துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்த ஆட்களை நான் பார்த்திருக்கிறேன், அந்தக் கூத்து வேண்டாம். ஒப்படைத்ததற்கு ரசீது வாங்காமல் திரும்பக் கூடாது. லைசன்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமும் ஒப்படைக்கலாம். ஒப்படைத்தால் போய்விட்டது என்று அர்த்தமில்லை. 2016 விதிகளில் வாரிசுக்கு லைசன்ஸ் கேட்க வழி இருக்கிறது, உங்களில் ஒருவர் கேட்டு வாங்கினால் தாத்தா துப்பாக்கி வீட்டுக்கு வரும். வேண்டாமென்றால் லைசன்ஸ் உள்ளவருக்கு விற்கலாம். ஆனால் குறித்த காலத்துக்குள் எதுவும் செய்யாமல் விட்டால் அரசாங்கத்துக்குப் போய்விடும், அதனால் ரசீதில் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்தாயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தனியாக ஒரு அம்மா இருக்கிற பழைய வீட்டில் ஒருவன் உள்ளே புகுந்தால் முதலில் கிளறுவது பீரோ, அடுத்தது பத்தாயம். அந்தக் காலத்தில் நெல்லுக்கு அடியில்தான் நகையை ஒளித்தார்கள் என்பது திருடனுக்கும் அவன் பாட்டி சொல்லித் தெரியும்.

முன்னாள் ராணுவத்தினன் நான். மார்த்தாண்டத்தில் ஒரு வங்கியில் என் சொந்தத் துப்பாக்கியோடு காவலாளி வேலை. சாயங்காலம் திரும்பும் வழியில் சந்தையில் மீன் வாங்க இறங்குவேன். தெரிந்தவர் டீக்கடையில் துப்பாக்கியை வைத்துவிட்டுப் போவேன், ஐந்து நிமிஷம்தான். தப்பா?
(அருமனை)

அண்ணே, பட்டாளத்தில் ஆயுதத்தை டீக்கடையில் வைத்துவிட்டுப் போனால் உங்கள் சுபேதார் என்ன செய்திருப்பார்?

உங்களுக்கே தெரிந்ததுதான், இருந்தாலும் எழுதுகிறேன். கடைக்காரர் யோக்கியர், சரி. அந்த ஐந்து நிமிஷத்தில் கடைக்கு வருகிற எல்லாரும் யோக்கியரா? அதோடு நீங்கள் அவர் கையில் கொடுத்துவிட்டுப் போவதால் அவரையும் மாட்டிவிடுகிறீர்கள், லைசன்ஸ் இல்லாதவர் பொறுப்பில் துப்பாக்கி இருந்தது என்றாகும். தோட்டாவை இறக்கி உங்கள் பையில் போடுங்கள், துப்பாக்கி உறைக்குள், உறை தோளில், நேரே வீடு. மீன் வாங்க வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்ப வாருங்கள். சாளை கிடைக்காவிட்டால் நெத்திலி. ராத்திரி வங்கியிலேயே வைக்க முடியுமா என்று சிலர் கேட்கிறார்கள், அதை மேனேஜரிடமும் லைசன்ஸ் பிரிவிலும் எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சாக 'வச்சிட்டுப் போங்க' என்பவர் நாளைக்கு மாற்றலாகிப் போய்விடுவார்.

பேச்சிப்பாறைப் பக்கம் ஈரப்பதம் அதிகம். பூட்டி வைத்தால் துரு பிடிக்கிறது. அதனால் காற்றாட ஹாலில் மாட்டி வைத்திருக்கிறேன்.

நமக்கு ரெண்டு மழைக்காலம், ஆனியில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று. துருவுக்குக் காரணம் பூட்டு இல்லை, உறை. தோல் உறைக்குள்ளோ ரெக்சின் உறைக்குள்ளோ மாதக்கணக்கில் போட்டு வைத்தால் அது ஈரத்தைக் குடித்துக் குழலில் ஒட்ட வைக்கும். உறை பயணத்துக்கு மட்டும். வைக்கும்போது துடைத்து, மெல்லிசாக எண்ணெய் தடவி, பருத்தித் துணியில் சுற்றி, கூடவே நாலைந்து சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு பீரோவில் வையுங்கள். மழை மாதத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை எடுத்துத் துடைத்தால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுக்கு ஏறும். ஹாலில் மான்கொம்புக்குப் பக்கத்தில் மாட்டுகிற பழக்கம் திருவிதாங்கூர் காலத்தோடு போகட்டும் (மான்கொம்பும் வேறு சட்டத்தில் வேறு தலைவலி, அது இன்னொரு இதழுக்கு).

எஸ்டேட் முதலாளி பெயரில் துப்பாக்கி. காட்டுப்பன்றி வருவதால் வாட்சர் ஷெட்டில்தான் எப்போதும் இருக்கும். முதலாளி நாகர்கோவிலில். எனக்குப் பயமாக இருக்கிறது.
(ஒரு சூப்பர்வைசர், கீரிப்பாறை)

பயம் நியாயமானது. லைசன்ஸில் உதவியாளராக வாட்சர் பெயர் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அவர் வைத்திருப்பது சட்டவிரோதம், நாளைக்கு மாட்டப்போவது அந்த ஏழை. பெயர் ஏறியிருந்தாலும் தகர ஷெட் துப்பாக்கிக்கு இடமில்லை, கதவை எட்டி உதைத்தால் திறக்கும். பயிர்ப் பாதுகாப்புக்கு என்று குழல் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கிற துப்பாக்கிக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் துப்பாக்கி லைசன்ஸ் என்பது பன்றியைச் சுடுவதற்கு அனுமதி அல்ல, அது 1972 வனவிலங்குச் சட்டத்தின் கீழ் வனத்துறையின் விஷயம். முதலாளியிடம் நேரில் சொல்லத் தயக்கமாக இருந்தால் இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர் மேஜையில் வையுங்கள்.

ஏர்கன்னுக்கும் இந்த உபதேசம் எல்லாம் உண்டா?
(கல்லூரி மாணவர், தக்கலை)

20 ஜூலுக்கு மேல் போகாத, 4.5 மில்லிமீட்டர் குழல் ஏர்கன்னுக்கு லைசன்ஸ் வேண்டாம். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கண்ணுக்கு அந்த விதிவிலக்கு தெரியாது. பூட்டி வை.

என் மகள் டெக்சாஸில் இருக்கிறாள். மருமகன் பாதுகாப்புக்கு என்று கைத்துப்பாக்கி வாங்கியிருக்கிறார். ராத்திரி கட்டில் மேஜை டிராயரில், பகலில் காரில். பேரனுக்கு 6 வயது. நானும் என் வீட்டுக்காரரும் அடுத்த மாதம் 6 மாதத்துக்கு அங்கே போகிறோம். மருமகனிடம் இதை எப்படிப் பேசுவது? சம்பந்தி வீட்டில் வருத்தமாகிவிடுமோ என்று இருக்கிறது.
(ஒரு பாட்டி, மார்த்தாண்டம்)

வருத்தமாகட்டும் அம்மா, அது ஒரு வாரத்தில் சரியாகும். 2023 ஜனவரியில் அங்கே விர்ஜீனியா மாநிலத்தில் 6 வயதுப் பையன் ஒருவன் வீட்டிலிருந்து அம்மாவின் கைத்துப்பாக்கியைப் பையில் போட்டுக்கொண்டு போய் வகுப்பில் ஆசிரியையைச் சுட்டான். ஆசிரியை பிழைத்தார், அம்மா ஜெயிலுக்குப் போனார். ஆறு வயது. உங்கள் பேரன் பிஸ்கட் டப்பா எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் எடுப்பான்?

கார் இன்னும் மோசம். 2015இல் சான் பிரான்சிஸ்கோவில் மத்திய அரசு ரேஞ்சர் ஒருவர் நிறுத்தி வைத்த காரிலிருந்து அவருடைய துப்பாக்கி திருட்டுப் போனது. நாலே நாளில், கடற்கரைத் துறையில் அப்பாவோடு நடந்துகொண்டிருந்த ஒரு பெண் அதன் குண்டு பட்டு இறந்தார். பயிற்சி பெற்ற அதிகாரி கார் அது. மருமகன் ஐடி ஆள் என்று எழுதியிருக்கிறீர்கள்.

டெக்சாஸில் துப்பாக்கி வைத்துக்கொள்வது ரொம்பச் சுலபம், ஆனால் அங்கேயும் பூட்டாமல் வைத்துக் குழந்தை கையில் கிடைத்தால் குற்றம்தான். 2005ஆம் வருஷச் சட்டப்படி அங்கே கடைக்காரர் கைத்துப்பாக்கி விற்கும்போது கூடவே பூட்டும் தர வேண்டும், ஆகவே பெட்டிக்குள் பிரிக்காத பூட்டு ஒன்று இருக்க வாய்ப்புண்டு. மகளை விட்டு, 'அந்தப் பூட்டு எங்கே?' என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள். விரல் ரேகை வைத்தால் திறக்கும் சின்னப் பெட்டிகளும் அங்கே கிடைக்கும். உங்கள் பிறந்தநாள் பரிசாக அதைக் கேட்டால் மருமகன் இல்லை என்பாரா?

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். கடிதத்தின் கடைசியில், உங்கள் 'அவருக்கும்' ஒரு ஒற்றைக் குழல் துப்பாக்கி உண்டு, அதனால் மருமகனைக் கண்டிக்க அவருக்கு வாய் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 6 மாதம் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகும்போது அது எங்கே இருக்கும்? பதில் எழுதவே வேண்டாம், போவதற்கு முன்னால் ஸ்டேஷனிலோ ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். தேர்தலுக்குத் தேர்தல் கொண்டுவந்து வரிசையில் நின்று கொடுத்துவிட்டுப் போகிற அதே இடம்தான், வழி அவருக்குத் தெரியும். ரசீதை அமெரிக்காவுக்கு எடுத்துப்போய் மருமகனிடம் காட்டிவிட்டுப் பேச்சை ஆரம்பித்தால் இன்னும் நல்லது.

மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான், சொல்லாமல் கொள்ளாமல் ராத்திரி பஸ்ஸில் ஏறி விடியற்காலை 4 மணிக்குப் பின்கதவைத் தட்டுவான், அதுதான் எனக்கு உலகத்திலேயே பெரிய சந்தோஷம். ஊரில் திருட்டு கூடிவிட்டது என்று என் வீட்டுக்காரர் இப்போது தோட்டா போட்ட துப்பாக்கியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துத் தூங்குகிறார். நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். 'திருடன் வரும்போது நான் பூட்டைத் திறந்துகொண்டிருக்கவா?' என்கிறார்.
(குடும்பத் தலைவி, திருவட்டாறு)

அவர் கேள்வியில் ஞாயம் இல்லாமல் இல்லை. வீட்டையும் உயிரையும் காப்பாற்றத்தான் லைசன்ஸே கொடுக்கிறார்கள். ஆனால் நான் எழுதிய எஃப்ஐஆர்களில் பெரும்பாலான வீட்டுத் திருட்டு ஆள் இல்லாத வீட்டில் நடந்தது, கல்யாணத்துக்கோ திருவிழாவுக்கோ போன நேரத்தில். அந்த நேரத்தில் கட்டிலுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்த துப்பாக்கி யாருக்குப் பாதுகாப்பு? திருடனுக்குத்தான், தோட்டாவோடு. ஆள் இருக்கும்போது நாய், முற்றத்து விளக்கு, உள்ளே தாழ்ப்பாள், பக்கத்து வீட்டு நம்பர், 100க்கு ஒரு போன் என்று இதெல்லாம்தான் கை கொடுத்தது. நான் பார்த்தவரை துப்பாக்கி கை கொடுத்த வீடு ஒன்றுகூட நினைவில் இல்லை.

இதையெல்லாம் சொன்னால் அவர் இன்னொரு பதில் வைத்திருப்பார். அதனால் வாதாட வேண்டாம். உங்கள் கடிதத்தின் முதல் வாக்கியத்தை, மகன் 4 மணிக்குப் பின்கதவைத் தட்டுவதை, அதை மட்டும் அவரிடம் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.